இடது முன்சக்கரம்

"தள்ளுங்க. இந்த வண்டியை நான்தான் கழட்டுவேன். அந்த ஸ்பானரை இப்படிக் குடுங்க."

மெக்கானிக் குனிந்த தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தான். அவன் காதில் விழுந்தது அவனுக்கே நம்பும்படி இல்லை.

கல்யாணமான மறுநாளே மாமியார் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "நகை கேளு, தனிக்குடித்தனம் கேளு. பட்டறையில வேலை மட்டும் கேட்காதே. இன்ஜினியர் மருமக ஸ்பானர் பிடிச்சா, எம்மவனுக்குத் தொழில் தெரியலைன்னு நாலு பேர் பேசுவாங்க."

இரண்டு வருஷம் அவள் கேட்கவில்லை. அவள் பிறந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். படித்ததும் வண்டிகளைப் பற்றித்தான். அந்தப் படிப்பைத்தான் பட்டறைக்கு மேலே, மாடி ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார்கள்.

"இன்ஜினியரம்மாவுக்கு இன்னிக்கு என்ன கோபம்?"

"பத்து மாசத்துல இது அஞ்சாவது தடவை. அதே வண்டி, அதே இடது முன்சக்கரம், அதே பிரேக்."

"பழைய வண்டி. கிழவிக்கு அடிக்கடி முடியாமப் போகத்தானே செய்யும்?"

"நான் கிழவியைச் சொல்லலை. ஓட்டிட்டு வர்றவங்களைச் சொல்றேன்."

ஓட்டி வருபவள் ஒரு வக்கீல். காலையில் காரை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். அவள் வரும் நாளில் இவன் சட்டை மாற்றிக்கொள்வான். நாற்காலியைத் துடைத்துப் போடுவான். கார் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பான். மாடி ஜன்னலில் எல்லாம்தான் தெரியும்.

"வாடிக்கையாளருக்கு மரியாதை குடுக்க வேண்டாமா?"

"லாரிக்காரர் வந்தா வாளியைக் கவுத்துப் போட்டு உட்காரச் சொல்றீங்களே, அவருக்கு எந்த மரியாதை?"

ஸ்பானரை அவளே பிடுங்கிக்கொண்டாள்.

சக்கரம் இறங்கியது. உள்ளே சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் இரண்டையும் உருவி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்பக்கத்துப் பேட் இரும்பு தெரியும்வரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்துப் பேட் அப்படியே இருந்தது.

"ஒண்ணு செத்தே போச்சு. இன்னொண்ணு புது மாப்பிள்ளையாட்டம் இருக்கு. ஏன்னு யோசிச்சீங்களா?"

"அதான் ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் மாத்திடறேனே."

அந்தப் பேட்களை அழுத்தும் இரும்புக் கவ்வியான காலிப்பரை அவள் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. அதைத் தாங்கும் ஆணி போன்ற பின்னைத் தட்டித் திருகி வெளியே எடுப்பதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது.

"இந்தப் பின்னுல காலிப்பர் ஒரு விரலுக்கே நகரணும். நகராம சிக்கிக்கிட்டா உள்பக்கம் மட்டும்தான் தேயும். இத்தனை வருஷமா பிரேக் பார்க்கிறவருக்கு இது தெரியாதா? வேணும்னே இறுக்கி விட்டிருக்கீங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அவங்க இங்க வந்து உட்காரணும், அதானே?"

"ஏய், என்ன பேசறே?"

"பிரேக்ல போயா விளையாடுவீங்க? நான் இந்த வீட்டுல இருக்கறதா போறதான்னு இப்பவே தெரிஞ்சாகணும். சொல்லுங்க."

அவன் முகம் வெளிறிவிட்டது. "அம்மா மேல சத்தியமா இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பின்னைக் கழட்டி, துணியால துடைச்சு, என் கையாலயே கிரீஸ் போட்டுத்தான் மாட்டறேன். போன தடவை இறுக்கமா இருந்துச்சு. அதனால இன்னும் ரெண்டு விரல் சேர்த்தே போட்டேன்."

"எந்த கிரீஸ்?"

அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினான். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதையா போட்டீங்க? பின்னுல ரப்பர் உறை இருக்கு பாருங்க. இது பட்டா அந்த ரப்பர் ஊறி உப்பிப் பிடிச்சுக்கும். சேர்த்துப் போட்டா சேர்த்துப் பிடிக்கும். இதுக்கு சிலிகான் கிரீஸ்னு தனியா ஒண்ணு இருக்கு."

"கிரீஸ்னா எல்லாம் கிரீஸ்தானேன்னு நெனச்சேன்."

சதி இல்லை, வெறும் அறியாமை. பத்து மாதமாக மனதில் வைத்திருந்த சந்தேகம் சட்டென்று தீர்ந்தது. ஜன்னலில் நின்று எண்ணிய சட்டைகளை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

புது ரப்பர் உறையும் சரியான கிரீஸும் அடுத்த தெருக் கடையில் கிடைத்தன. அவன் விளக்கைப் பிடித்தான், அவள் மாட்டினாள். காலிப்பர் ஒரு விரலுக்கு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

"இனிமே பிரேக் வேலையெல்லாம் நீயே பாரு," என்றான் அவன். "அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

இரண்டு வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள். முகம் மலர்ந்தது. உடனே பேனாவைத் தேடினாள்.

"அப்ப முதல் வேலை இது. நீங்க இந்தத் தப்பு கிரீஸ் போட்டு அனுப்பின வண்டியெல்லாம் ஆபத்து. ஒண்ணு விடாம திரும்பக் கூப்பிடணும். யார் யார் வண்டின்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"யார் யார் வண்டியா?" அவன் சிரித்தான். "வேற எந்த வண்டியிலயும் நான் அந்தப் பின்னைத் தொட்டதே இல்லையே. பேட் மாத்தி அனுப்பிடுவேன். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய யாருக்கு நேரம் இருக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

அவள் பேனாவை மூடினாள். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக முழுசாக முறுக்கினாள். ஸ்பானரை அவன் கையில் வைத்தாள்.

"இனிமே பிரேக்குக்காக இந்த வண்டி இங்க வராது. வேற எதுக்கு வரணும்னு நீங்களே சொல்லிக் கூப்பிட்டுக்குங்க."

மாடிப்படிப் பக்கம் திரும்பாமல், கிரீஸ் கையோடு, அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.