சேறு படிந்த சக்கரம்

அம்மாள் ஒருத்தி கொண்டுவந்த கோ-கார்ட் பந்தய வண்டியின் சக்கரத்தைக் கையில் வாங்கிய மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தப் பேரிங்கும் போச்சா! தண்ணிய பீச்சி அடிச்சுக் கழுவினா உள்ள இருக்கிற கிரீஸ் போயிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேம்மா! துணியால துடைங்க, போதும்."

"துடைச்சா போகலப்பா. காலையில பார்த்தா வண்டி முழுக்கச் சேறு."

"அப்ப உங்க பையனை மழையில ஓட்ட விடாதீங்க. தொட்டுப் பாருங்க, சக்கரம் இன்னும் சுடுது!"

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சொன்னா எங்க கேக்குறான்? ஷெட்டைப் பூட்டி, சாவிய என் இடுப்புலதான் செருகி வெச்சிருக்கேன். அவன் என்னை விட்டுப் போயி வருஷம் ஒண்ணாச்சு."

மெக்கானிக்கின் கையிலிருந்து சக்கரம் நழுவியது.

அவள் அதை எடுத்து, முந்தானையால் துடைத்து நீட்டினாள்.

"நல்ல பேரிங்கா மாட்டுப்பா. அன்னிக்கு அது உடைஞ்சுதானே வண்டி கவிழ்ந்தது. இன்னொரு தடவை பிள்ளை விழக்கூடாது."