முன்னாள் சாட்சி

"புகார் கொடுத்தவங்களோட பழைய காதல் கதையெல்லாம் இங்க எடுபடாது" என்றார் நீதிபதி.

அச்சக முதலாளியின் வக்கீல் விடவில்லை. "ஐயா, என் கட்சிக்காரர் அத்துமீறினார்ங்கிறது பொய். இந்தம்மா யார்கிட்டயும் 'வேண்டாம்'னு சொல்ற ரகமே இல்ல. முன்னாள் காதலரே சாட்சி!"

அச்சகத்தில் பிழை திருத்தும் அந்தப் பெண் எழுந்தாள். "வரட்டும் ஐயா. எனக்கு ஆட்சேபணை இல்ல."

வக்கீலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிரிந்தவன் எப்படியும் திட்டித் தீர்ப்பான் என்று நம்பி, ஒரு வார்த்தை விசாரிக்காமலே கூட்டிவந்திருந்தார்.

"எத்தனை வருஷப் பழக்கம்?" கூண்டில் ஏறிய முன்னாள் காதலனிடம் கேட்டார் வக்கீல்.

"நாலு."

"அதுல ஒரு தடவையாவது 'வேண்டாம்'னு சொல்லியிருக்காங்களா?"

"ஒரு தடவையா? மீசை வேண்டாம்னாங்க, எடுத்தேன். பாட்டு வேண்டாம்னாங்க, நிறுத்தினேன். முத்தம் வேண்டாம்னாங்க, தள்ளி உக்காந்தேன். கடைசியில, நானே வேண்டாம்னுட்டாங்க."

"அப்புறம்?" கேட்டது நீதிபதி.

"போயிட்டேன் ஐயா. வேண்டாம்னா போகணும்ல?"

முதலாளி தரையைப் பார்த்தார். வக்கீல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வக்கீல் சார், இன்னும் கேள்வி இருக்கா? வேற சாட்சி யாரையாவது கூப்பிடவா?" என்று கேட்டார் நீதிபதி.

"வேண்டாங்க ஐயா."

நீதிபதி உடனே நிறுத்திக்கொண்டார்.