யார் யாரைத் தேடி வந்தது?

சிலிக்கன் தகட்டின் மேல் நிக்கல் மெல்லிய பூச்சாக உட்கார்ந்திருந்தது. ஆய்வுக்கூடத்து உலைக்குள் போகும்வரை இரண்டும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. உள்ளே சூடு ஏறியது. வெளியே வந்தபோது மேலே எது, கீழே எது என்று தெரியாதபடி கலந்து பளபளத்தன.

பரிசோதிக்க வந்த எக்ஸ்கதிர் மேற்பரப்பைத் தொட்டதுமே திகைத்துப்போனது.

“அடியில் கிடந்த சிலிக்கன் இங்கே எப்படி?”

“என்னைத் தேடி அதுதான் ஏறி வந்துச்சு,” என்றது நிக்கல்.

“நல்லா இருக்கே கதை! சூடு தாங்காம என் வீட்டுக்குள்ளே இறங்கினது நீ,” என்றது சிலிக்கன்.

“நானா? உன் வாசல் பக்கம்கூட நான் திரும்பினதில்லை.”

“அப்போ இவ்வளவு நேரம் என்னோட ஒட்டிக்கிட்டு இருந்தது யாராம்?”

தெரியாத்தனமாக வாயைக் கொடுத்துவிட்டோமே என்று எக்ஸ்கதிர் நைசாக நழுவியது.

நிக்கலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “இவ்வளவு பேச்சு கேட்ட பிறகு எனக்கு இங்கே என்ன வேலை? நான் கிளம்புறேன்!”

விருட்டென்று எழப் பார்த்தது. முடியவில்லை.

“என் காலை விடு!” என்று சீறியது.

சிலிக்கன் குனிந்து பார்த்தது.

“எந்தக் காலை? இது என் கால்.”