தாள் சட்டை

சீனப் பஞ்சாங்கத்தில் பத்தாம் மாதத்தின் முதல் நாள் அந்தி. இறந்தவர்களுக்குக் குளிருடுப்பு எரிக்கிற நாள் என்பதால் தெருவெங்கும் புகை மிதக்கிறது. யுன்ஷியா ஊதாத் தாளில் ஒட்டிய சட்டையை மடியில் வைத்து, உள்ளே திணித்த பஞ்சை விரலால் நீவிக்கொண்டிருக்கிறாள். "கை இவ்வளவு நீளமா? உன் வீட்டுக்காரர் மனுஷனா, குரங்கா?" என்கிறாள் பக்கத்து வீட்டு மியாவ் அக்கா. "துடுப்புப் போடறப்ப சட்டைக் கை மேல ஏறிக்கும்க்கா. மணிக்கட்டு விறைச்சுப்போகுதுன்னு வருஷா வருஷம் புலம்புவாரு." சட்டையை உள்ளே வைத்து எரிக்க, யுன்ஷியா சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வட்டம் போடுகிறாள். கல்லறை இருக்கும் திசையில் கோட்டில் கொஞ்சம் இடைவெளி விட்டால்தான் உரியவர் வந்து எடுத்துக்கொள்வார். மஞ்சள் ஆறு கொண்டுபோன படகோட்டிக்கு ஏது கல்லறை? கை தயங்கி நிற்கிறது. "ஆத்துப் பக்கம் விடேன்டி." "ஆறுதான் ஓடிக்கிட்டே இருக்கே, எந்த இடம்னு காட்டுறது?" மெல்லச் சுற்றி வந்து, தன் வீட்டு வாசலுக்கு நேராக வட்டத்தைத் திறந்து விடுகிறாள். மியாவ் அக்கா பதறி அவள் கையைப் பிடிக்கிறாள். "அடிப்பாவி, வாசல் பக்கமா விடுவாங்க? செத்தவங்க நேரா உள்ள வந்துடுவாங்கடி!" யுன்ஷியா கையை விடுவித்துக்கொண்டு, சட்டையை வட்டத்துக்குள் வைத்துத் தீக்குச்சியை உரசுகிறாள். பஞ்சு கருகி, பிறகு பற்றுகிறது. அவள் வீட்டுக் கதவுகள் இரண்டும் விரியத் திறந்து கிடக்கின்றன.