ஆயுளுக்கும் நிற்கும் ஊசி

பறவைக்காய்ச்சல் கிருமி உடலில் ஒட்டாமலிருக்க, கோழிப்பண்ணை ஆட்களுக்கு ஆறு மாதத்துக்கொரு ஊசி போட்டார்கள். அது, கிருமி வந்து பற்றிக்கொள்ளும் இடமான, செல்களின் மேலிருக்கும் சர்க்கரைப் பூச்சையே மாற்றிவிடும். அவர்களில் செங்கோட்டுவேல் மட்டும் ஆயுளுக்கும் நிற்கும் ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். சிறுநீரகம் தளர்ந்துவந்த மனைவி கோகிலாவுக்குத் தன்னால் காய்ச்சல் தொற்றிவிடக் கூடாதென்ற பயம்.

அவளுக்கு இப்போது மாற்றுச் சிறுநீரகம் வைத்தாக வேண்டும். இன்று மருத்துவர் அவனுடைய சிறுநீரகம் அவளுக்குச் சேராது என்று சொல்லிவிட்டார். ஆயுளுக்கும் மாறிப்போன அந்தச் சர்க்கரையை அவள் உடல் ஏற்காதாம். கொடுப்பதற்கு வேறு ஆளும் இல்லை.

திரும்பும் பேருந்தில் இருவரும் அருகருகே உட்கார்ந்தார்கள்.

"கோழிக்காச்சலுக்குப் பயந்து என்னையக் கோட்டை விட்டுட்டீங்களேங்க" என்றாள் கோகிலா.

"உனக்காகத்தான் புள்ள போட்டேன்."

"தெரியுமுங்க."

அவன் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. எழுப்ப மனமில்லாமல் அவன் அசையாதிருந்தான். பேருந்து அதைக் கடந்து போயிற்று.