ஒரே பெயரில் ஆறு பாட்டு

என் தம்பியின் நினைவுக் கூட்டம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. மூன்று நாளாகச் சாவு வேலைகளுக்கு நின்றதில் எனக்குக் கால் கடுத்தது. ‘கூட்டத்தில் “தூரத்து வெளிச்சம்” பாட்டைப் போடுங்கள்’ என்று சாவதற்கு முன் அவன் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தான். பாடியவர் பெயரை எழுதவில்லை.

“ஐயா, அந்தப் பேர்ல ஆறு பாட்டு இருக்கு. எதைப் போடட்டும்?” என்றார் மைக்செட்காரர்.

நாலு பெரிய மனிதர்கள் வருகிற இடம். தப்பான பாட்டு ஒலித்தால் குடும்ப மானம் என்னாவது? தம்பி மனைவியைப் பார்த்தேன்.

“நீங்களே கேட்டுச் சொல்லுங்க மாமா” என்றாள்.

முதல் பாட்டு குத்துப்பாட்டு.

“நிறுத்துய்யா! இது துக்க வீடா, டான்ஸ் கிளாஸா?”

இரண்டாவதில் ஒரே முனகல். மூன்றாவதில் பாடகியைவிட டிரம்ஸ் அதிகமாகக் கத்தியது. அடுத்த இரண்டும் தேறவில்லை.

“இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் வேணாம்னா நான்தான்யா பாடணும்” என்று அலுத்துக்கொண்டார் அவர்.

அது ஏதோ பழைய ஆல்பத்தில் இருந்த பாட்டு. ஆர்ப்பாட்டமே இல்லாத ஆண் குரல். நாற்காலியில் உட்கார்ந்து, முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

“இதையே போடுங்க. பாடுறவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை, குரலே சொல்லுது. யாரும்மா இவன்?”

தம்பி மனைவி தலை நிமிரவில்லை.

“அவர்தான் மாமா. நம்ம வீட்டுல யாரும் பாட்டுக்காரன் ஆகக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. அதனால வேற பேர்ல பாடினார். ஒரு தடவையாவது நீங்க முழுசா உக்காந்து கேக்கணும்னு ஆசைப்பட்டார்.”