நடுவில் இரண்டு இஞ்ச்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மெஷின் விஷயம். எனக்குப் புரிந்த மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிரிண்டிங் கடையில் இரண்டு பெரிய பிரிண்டர்கள். பழையது ரோலின் இரண்டு ஓரத்தையும் ஒரு இஞ்ச் கவ்விக்கொள்ளும். அங்கே மை விழாது. புதியதற்குக் கால் இஞ்ச் போதும். ஒரே ரோலில் ஏழெட்டுப் போஸ்டர்களை அடுக்கி, எந்த மெஷினுக்கு எவ்வளவு ஓரம் என்று பார்த்து அனுப்புவது ஆபரேட்டர் வேலை. வெளியே வந்ததைத் தனித்தனியாக வெட்டுவது என் வேலை.

ஆபரேட்டருக்கு முதலாளியம்மா வைத்த பெயர் 'வள்ளல்'.

"ஏன் வள்ளலே, ஒவ்வொரு போஸ்டருக்கும் நடுவுல ரெண்டு இஞ்ச் சும்மா கிடக்குதே, அதுல யார் குடித்தனம் பண்ணப் போறாங்க?"

"மெஷின் கேக்குதும்மா."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"மெஷின் ஓரத்துலதானேம்மா கேக்கும்? நடுவுல எதுக்கு? ஆறு மாசமா ரெண்டு மெஷின்லயும் இதேதான். வெள்ளை வெள்ளையா ரோல் வீணாப் போகுது."

ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"கேட்டீங்களா வள்ளலே? பதினஞ்சு வருஷமா வெட்டறாங்க, ஒரு போஸ்டர் கெட்டதுண்டா? இன்னிக்கு நானே அடுக்கறேன். சரியா வந்துச்சுன்னா நாளையிலேருந்து நீங்க பேக்கிங். அந்த நாற்காலிக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

முதலாளியம்மா உட்கார்ந்து அடுக்கினார். போஸ்டரும் போஸ்டரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரே ஒரு கோடு.

"அம்மா, புது மெஷினோட ஓரத்தைப் பழசுக்குக் குடுத்துட்டீங்க" என்று அதை மட்டும் ஆபரேட்டர் திருத்தினார். ரோல் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது.

நான் கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

பல் டாக்டரின் போஸ்டர். வாய் நிறையச் சிரிக்கிற பெண். எடுத்துப் பார்த்தால், ஓரத்துப் பல் இரண்டைக் காணோம். பக்கத்து சலூன் போஸ்டரில் இருந்த ஆளின் காதில் அவை தொங்கிக்கொண்டிருந்தன.

"ஐயையோ! டாக்டர் பிடுங்க வேண்டிய பல்லை நீங்க பிடுங்கிட்டீங்களே!"

முதலாளியம்மா அலறினார். நான் வாய் திறப்பதற்குள் ஆபரேட்டர் முந்திக்கொண்டார்.

"அக்கா மேல தப்பில்லம்மா. மெஷின் ரோலைக் கோணலா இழுத்துடுச்சு. இதுக்குத்தான் நடுவுல இடம் விடறது."

முதலாளியம்மா அந்தக் காதையும் பல்லையும் இன்னொரு தடவை பார்த்தார். சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது.

"சரி வள்ளலே, உங்க நாற்காலியை நீங்களே வெச்சுக்குங்க."

முதலாளியம்மா போனதும் ஆபரேட்டரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ரோல் நேராத்தானே வந்துச்சு? ஏண்ணே பொய் சொன்னீங்க?"

"ஆறு மாசமா உங்க கத்தி கோட்டுல போகலக்கா. ஒரு நாள் இந்தப் பக்கம் சாயுது, ஒரு நாள் அந்தப் பக்கம். நடுவுல வெள்ளை விட்டா எங்க சாஞ்சாலும் வெளியே தெரியாது. வேணும்னே மறைக்கறீங்கன்னு நினைச்சேன். உங்களுக்கே தெரியாதுன்னு இப்பத்தான் தெரியுது."

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். மறுநாள் மூக்கில் கண்ணாடியோடு முதலாளியம்மா முன்னால் நின்று, பல்லைப் பிடுங்கியது மெஷின் இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஆபரேட்டரிடம் போய், "இனிமே நடுவுல கால் இஞ்ச் போதும்ணே" என்றேன்.

சொல்லிவிட்டு, கையிலிருந்த கத்தியை ஒரு தடவை பார்த்தேன்.

"வேணாம், அரை இஞ்சே விடுங்க."